வேறு உலாவிக்கு மாறுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

"எந்த பிரவுசர் நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. "இப்போது வைத்திருப்பதில் என்ன தொந்தரவு?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேரிடம் அதற்குப் பதில் இருக்காது. குரோம் கண்காணிக்கிறதாம், மெமரியைத் தின்கிறதாம், யாரோ சொன்னார்களாம். இப்படி மாறுகிறவர்களுக்கு இரண்டாம் நாளே பழையதின் நினைப்பு வந்துவிடும். எது தன்னை அரிக்கிறது என்று தெரிந்து மாறுகிறவர்தான் புதியதில் நிலைத்து நிற்பார். அதனால் ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கள் குறைகளை எழுதிக்கொள்ளுங்கள். விளம்பரமா, வேகமா, டேப் குவிந்து வழிகிறதா, அலுவலகக் கணக்கும் சொந்தக் கணக்கும் குழம்புகிறதா, எழுத்து சிறிதாகத் தெரிகிறதா, கணினியே பழையதா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

என் பிழைப்பு மெய்ப்புத் திருத்துவது. அகராதிகள், ஆசிரியர் அனுப்பிய கோப்பு, பழைய பதிப்பின் பிடிஎஃப், சந்தேகம் தீர்க்கத் திறந்து மூட மறந்தவை என்று எந்நேரமும் டேப்கள் வரிசை கட்டி நிற்கும். கீழே சொல்வதெல்லாம் நாள் முழுக்க உலாவிக்குள் உட்கார்ந்து படிக்கிற ஒருத்தியின் பார்வை. கேம் விளையாடுகிறவர்களும் வீடியோ வெட்டுகிறவர்களும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழையதைச் சோதியுங்கள்

விண்டோஸ் கணினியில் குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி எதிலும் ஷிஃப்ட் விசையோடு எஸ்கேப் விசையை அழுத்தினால் ஒரு சிறு சாளரம் திறக்கும். ஒவ்வொரு டேப்பும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் (உலாவியோடு நாம் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) எவ்வளவு மெமரி பிடிக்கிறது, பிராசஸரை எவ்வளவு இழுக்கிறது என்று வரிசையாகக் காட்டும். மெமரி என்ற தலைப்பின் மேல் ஒரு கிளிக் செய்தால் பெருந்தீனிக்காரர்கள் மேலே வந்து நிற்பார்கள். ஃபயர்ஃபாக்ஸிலும் இதே விசைகள்தான். தனிச் சாளரத்துக்குப் பதில் ஒரு டேப்பில் திறக்கும்.

என் அக்கா ஒருமுறை "ஏண்டி, குரோம் ஊருது, வேற ஏதாவது போட்டுக் குடேன்" என்றாள். "இரு அக்கா, முதல்ல இதைப் பார்ப்போம்" என்று இந்தச் சாளரத்தைத் திறந்தேன். பட்டியலின் உச்சியில் இருந்தவை அவள் பார்க்கிற எந்தப் பக்கமும் இல்லை. தள்ளுபடிக் கூப்பன் தேடித் தருகிற எக்ஸ்டென்ஷன் ஒன்று, பிடிஎஃப் மாற்றித் தருகிறேன் என்று வந்து ஒட்டிக்கொண்ட இன்னொன்று. இரண்டையும் நீக்கினோம். அவள் இன்றும் குரோமில்தான் இருக்கிறாள், புகார் ஏதும் இல்லை.

இந்தச் சோதனைக்குப் பிறகும் அரிப்பு நிற்கவில்லை என்றால்தான் மேலே படிக்க வேண்டும்.

எஞ்சின் எது என்று பாருங்கள்

உலாவிகளின் பெயரை அடுக்கினால் ஒரு பக்கம் போகும். ஆனால் வலைப்பக்கத்தைப் படித்துத் திரையில் வரைந்து காட்டுகிற எஞ்சின் என்று பார்த்தால் பெரிய புழக்கத்தில் இருப்பவை மூன்றுதான்: கூகுளின் பிளிங்க், ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் கெக்கோ, ஆப்பிளின் வெப்கிட். குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓபரா அத்தனையும் கூகுள் தலைமையில் நடக்கும் குரோமியம் என்ற திறந்த மூலத் (நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) திட்டத்திலிருந்து வந்தவை, பிளிங்கில் ஓடுபவை. ஒரே சேஸிஸை வாங்கி ஆளுக்கொரு பாடி கட்டிய பேருந்துகள். இருக்கை மாறும், ஜன்னல் மாறும், வண்ணம் மாறும். ஃபயர்ஃபாக்ஸும் அதன் கிளைகளும் கெக்கோ. சஃபாரி வெப்கிட்; அதன் விண்டோஸ் பதிப்பு 2012உடன் நின்றுவிட்டது, ஆகவே மேக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

இந்த நிலைமை ஒரே நாளில் வந்ததல்ல. 2001இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது, போட்டியே இல்லை என்று ஆனதும் மைக்ரோசாஃப்ட் அடுத்த பதிப்பை 2006 வரை வெளியிடவில்லை. அந்த ஐந்து வருடத்தில் எத்தனையோ தளங்கள் அந்த ஒன்றுக்காக மட்டுமே கட்டப்பட்டன. அதன் கோணல்களைச் சுமந்துகொண்டு பல அலுவலகங்கள் வெகுகாலம் அல்லாடின. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0, 2008 செப்டம்பரில் குரோம் என்று வந்த பிறகுதான் காற்று வந்தது. குரோம் முதலில் ஆப்பிளின் வெப்கிட்டில் ஓடியது, 2013இல் அதிலிருந்து கிளை பிரித்து பிளிங்க் ஆக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு ஓபரா, தானே வளர்த்த பிரெஸ்டோ எஞ்சினைக் கைவிட்டது. எட்ஜுக்கு முதலில் சொந்த எஞ்சின் வைத்திருந்த மைக்ரோசாஃப்ட்டும் 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு வந்து சேர்ந்தது. விண்டோஸிலும் லினக்ஸிலும் கூகுள் கை படாத பெரிய எஞ்சின் என்று மிச்சமிருப்பது கெக்கோ ஒன்றுதான்.

சாதாரணப் பயனாளிக்கு இதனால் என்ன? விளம்பரத் தடுப்பான்களுக்கு நடந்ததைப் பாருங்கள். முன்பெல்லாம் ஒரு எக்ஸ்டென்ஷன், பக்கம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நடுவில் நின்று பார்த்து, வேண்டாததைத் தானே நிறுத்தலாம். மேனிஃபெஸ்ட் 3 என்ற புது விதிமுறையில் அந்த அதிகாரம் போய்விட்டது. எதை நிறுத்த வேண்டும் என்ற பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், நிறுத்துவதை உலாவி பார்த்துக்கொள்ளும். பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் இது நல்லது என்பது கூகுளின் வாதம். ஓரளவு நியாயமும் உண்டு, எக்ஸ்டென்ஷன்கள் செய்கிற திருட்டுத்தனம் கொஞ்சமல்ல. ஆனால் விளம்பரத்தில் சம்பாதிக்கிற நிறுவனம் விளம்பரத் தடுப்பானின் கையைக் கட்டுகிறது என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்? 2025இல் குரோம் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை முழுதாக நிறுத்தியது. பலர் நம்பியிருந்த யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் அதில் இப்போது ஓடாது, அதன் எளிய வடிவமான லைட் மட்டும் கிடைக்கிறது. லைட்டும் பெரும்பாலான பக்கங்களில் போதுமான வேலை செய்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். முழு வடிவம் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ். மொசில்லா பழைய வழியையும் திறந்தே வைத்திருக்கிறது. பிரேவ், விவால்டி, ஓபரா மூன்றிலும் தடுப்பான் உலாவியோடு சேர்த்தே கட்டப்பட்டிருப்பதால் இந்த விதி அவற்றை அவ்வளவாகத் தொடவில்லை.

ஆக, உங்கள் காகிதத்தில் விளம்பரம் முதலிடத்தில் இருந்தால் தேர்வு சுருங்கிவிட்டது. யூபிளாக் ஆரிஜின் போட்ட ஃபயர்ஃபாக்ஸ், அல்லது எதையும் நிறுவாமலே வேலை செய்கிற பிரேவ்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பல தளங்கள் குரோமில் மட்டுமே சோதித்துப் பார்க்கப்பட்டு வெளியே வருகின்றன. ஒரு அலுவலகத்தின் விண்ணப்பப் படிவம் எனக்கு ஃபயர்ஃபாக்ஸில் கடைசிப் பக்கம் வரை ஒழுங்காக வந்து, 'சமர்ப்பி' பொத்தானில் கல்லாகிவிட்டது. குரோமியக் குடும்பத்து உலாவி ஒன்றில் திறந்ததும் போய்விட்டது. அதனால் எந்தக் கணினியிலும் வேறு வேறு எஞ்சின் உள்ள இரண்டு உலாவிகள் இருக்கட்டும் என்பேன். ஒன்று தினசரிக்கு, இன்னொன்று இப்படி முரண்டு பிடிக்கிற தளங்களுக்கு. விண்டோஸில் எட்ஜ் ஏற்கெனவே இருக்கிறது, மேக்கில் சஃபாரி இருக்கிறது. இரண்டாவதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

யாருடைய காசில் ஓடுகிறது?

உலாவியைக் காசு கொடுத்து வாங்குவோர் அரிது. அப்படியானால் அதை எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கூகுளுக்குத் தேடலும் விளம்பரமும். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, ஃபயர்ஃபாக்ஸில் கூகுளை முதன்மைத் தேடுபொறியாக வைத்ததற்காகக் கூகுளே கொடுக்கும் பணம். மாற்றுக்கே அவர்கள்தான் படியளக்கிறார்கள் என்பது இந்தத் துறையின் வேடிக்கை. சஃபாரியில் அதே இடத்தைப் பிடிக்க 2022இல் ஆப்பிளுக்குக் கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர் என்று அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளியே வந்தது. தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று 2024 ஆகஸ்டில் அந்த வழக்கில் தீர்ப்பானது. குரோமை விற்றுவிட வேண்டும் என்ற அரசுத் தரப்புக் கோரிக்கையை மட்டும் நீதிபதி 2025இல் ஏற்கவில்லை.

பிரேவ் தன் சொந்த விளம்பர ஏற்பாட்டை வைத்திருக்கிறது. நீங்கள் சம்மதித்தால் விளம்பரம் காட்டி அதற்குக் கிரிப்டோ டோக்கனில் பங்கு தரும். விவால்டிக்குத் தேடுபொறிகளோடும் முன்கூட்டியே பதிந்து தரும் புக்மார்க் தளங்களோடும் ஒப்பந்தம். ஓபராவும் தேடலிலும் விளம்பரத்திலும்தான் ஓடுகிறது. அதன் பெரும்பங்கு 2016இலிருந்து சீன முதலீட்டாளர்கள் கையில் இருக்கிறது. யாரும் தருமத்துக்கு நடத்தவில்லை. எந்த வழியில் வருகிற பணம் உங்களுக்கு உறுத்தவில்லை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் மறைநிலைச் சாளரம் பற்றி ஒரு வார்த்தை. இன்காக்னிட்டோ திறந்தால் யாருக்கும் தெரியாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சாளரத்தை மூடியதும் உங்கள் கணினியில் வரலாறும் குக்கீயும் (உங்களை அடையாளம் வைக்கத் தளங்கள் போட்டுவிடும் சிறு குறிப்பு) தங்காது, அவ்வளவுதான். நீங்கள் போன தளத்துக்கும் இணைய இணைப்பு தருகிற நிறுவனத்துக்கும் எல்லாம் தெரியும். இதைப் பற்றிய வழக்கில் 2024இல் கூகுள் சமரசம் செய்துகொண்டு, சேர்த்து வைத்திருந்த ஏராளமான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது. கண்காணிப்பு உங்கள் கவலையென்றால் மறைநிலையை நம்பாமல், மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது நீங்கள் பார்க்கிற தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் போடுகிறவற்றை, தானாகவே அடைத்து வைக்கிற உலாவியைப் பாருங்கள். சஃபாரி 2020இலிருந்து அவற்றைத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022இலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி ஜாடியில் போட்டுப் பூட்டுகிறது. குரோம் இவற்றை ஒழிப்பதாக 2020இல் அறிவித்து, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டது.

ஒவ்வொன்றாக

ஃபயர்ஃபாக்ஸ்தான் என் தினசரி உலாவி. காரணம் கொள்கை பாதி, கன்டெய்னர் பாதி. மல்ட்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் என்று மொசில்லாவே தருகிற எக்ஸ்டென்ஷன் ஒன்று உண்டு. அதைப் போட்டால் ஒரே சாளரத்தில், ஒரே அஞ்சல் சேவையில், இரண்டு மூன்று கணக்குகளை அடுத்தடுத்த டேப்பில் திறந்து வைக்கலாம். பதிப்பகக் கணக்குக்கு நீலக் கோடு, சொந்தக் கணக்குக்குப் பச்சைக் கோடு என்று டேப்பிலேயே நிறம் தெரியும். ஒரு பெட்டியின் குக்கீ அடுத்த பெட்டிக்குத் தெரியாது. 'இந்தத் தளம் எப்போதும் இந்தப் பெட்டியில்தான் திறக்க வேண்டும்' என்று பூட்டியும் வைக்கலாம். சமூக வலைத்தளம் ஒன்றை அப்படிப் பூட்டிவிட்டால், மற்ற தளங்களில் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று அது மோப்பம் பிடிப்பது நன்றாகவே குறையும். குரோமியக் குடும்பத்தில் இதற்குப் பதில் புரொஃபைல்கள் இருக்கின்றன. அவை தனித்தனிச் சாளரங்களாகத் திறக்கும். எனக்கு அது சுற்றுவழி.

ஃபயர்ஃபாக்ஸில் குறை இல்லாமல் இல்லை. டேப்களைப் பக்கவாட்டில் செங்குத்தாக அடுக்கும் வசதியும் குழுவாகச் சேர்க்கும் வசதியும் மற்றவர்களிடம் வந்து வெகுகாலம் கழித்து, 2025இல்தான் இதற்கு வந்து சேர்ந்தன. அதே ஆண்டு தொடக்கத்தில் பயன்பாட்டு விதிமுறை ஒன்றை வெளியிட்டு, அதன் வாசகத்துக்கு நாலாபக்கமும் திட்டு வாங்கி, மாற்றி எழுதினார்கள். தனியுரிமையைக் காட்டி ஆள் சேர்க்கிறவர்கள் சொற்களில் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்.

விவால்டியை, டேப்களில் மூழ்குகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஓபராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோன் வான் டெட்ஸ்னர், பழைய ஓபராவின் நெருக்கமான பயனாளிகளை மனதில் வைத்து ஆரம்பித்தது; 1.0 பதிப்பு 2016இல் வந்தது. இதில் எனக்குப் பிடித்தது டைலிங். இரண்டு டேப்களை கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு தேர்ந்து, வலது கிளிக்கில் அடுக்கச் சொன்னால் ஒரே சாளரத்தில் அவை பக்கம் பக்கமாக நிற்கும். இடப்பக்கம் மூலப் பிரதி, வலப்பக்கம் திருத்திய பிரதி, நடுக்கோட்டை இழுத்து அகலத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். ஒப்புநோக்கும் வேலைக்கு இதைவிடச் சௌகரியம் வேண்டியதில்லை. குறிப்பேடு, அஞ்சல், நாட்காட்டி எல்லாமே உள்ளே உண்டு. செட்டிங்ஸ் பக்கத்தில் நுழைந்தால்தான் மூச்சு முட்டும், அத்தனை பொத்தான்கள். நிறுவும்போதே 'எளிமை' என்பதைத் தேர்ந்துகொண்டால் பாதி மறைந்திருக்கும். அதன் முகப்பு முழுவதும் வலைத் தொழில்நுட்பத்திலேயே கட்டப்பட்டது என்பதால் மெலிந்த கணினியில் கொஞ்சம் மந்தமாகத் தெரியலாம். முகப்பின் நிரலுக்குத் திறந்த மூல உரிமம் இல்லை என்பதையும், அதைப் பெரிதாக நினைப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பிரேவை உருவாக்கியவர் பிரெண்டன் ஐக். 1995இல் ஜாவாஸ்கிரிப்டை எழுதியவரும் அவரே, மொசில்லாவின் தொடக்கக் கைகளில் ஒருவரும் அவரே. நிறுவிய மாத்திரத்தில் விளம்பரமும் கண்காணிப்பும் நிற்க வேண்டும், எதையும் நோண்ட மாட்டேன் என்கிறவர்களுக்கு இது சரி. ஒரு பக்கம் உடைந்து தெரிந்தால் முகவரிப் பட்டையில் இருக்கிற சிங்க முகத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணைக்கலாம். வாலட், ரிவார்ட்ஸ், ஏஐ உதவியாளர் என்று திரையில் தொங்குகிறவற்றை முதல் நாளே மறைத்துவிடுங்கள். 2020இல் சில கிரிப்டோ தளங்களின் முகவரியைத் தட்டும்போது பிரேவ் தன் கமிஷன் குறியீட்டைத் தானாகச் சேர்த்து நிரப்பியது வெளியே வந்து, ஐக் வருத்தம் தெரிவித்து நிறுத்தினார். சில பேருக்கு அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

எட்ஜ் மோசமில்லை. செங்குத்து டேப்கள், சும்மா கிடக்கிற டேப்களைத் தூங்க வைப்பது எல்லாம் நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் கூகுளிடமிருந்து தப்பிக்க மைக்ரோசாஃப்ட்டிடம் போவதை மாற்று என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஓபராவில் இலவச விபிஎன் (இணையத்தில் உங்கள் இருப்பிடத்தை மறைக்கும் ஏற்பாடு) என்பதைப் பார்த்து மயங்குகிறவர்கள், அது அந்த உலாவிக்குள் நடக்கிற போக்குவரத்தை மட்டுமே மறைக்கும், கணினியின் மற்ற மென்பொருள்களை அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கிளைகளில் லிப்ரவுல்ஃப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸையே எடுத்து, தனியுரிமைத் திருகுகளை எல்லாம் இறுக்கி முறுக்கித் தருவது. இறுக்கம் எப்படியிருக்கும் என்றால், மூடியதும் குக்கீகள் போய்விடும், ஆகவே ஒவ்வொரு தளத்திலும் தினமும் மறுபடி உள்நுழைய வேண்டும். தளங்கள் உங்களை அடையாளம் பிடிக்காமலிருக்க, கணினியின் நேர மண்டலத்தையே கிரீன்விச் நேரம் போலக் காட்டும். வலை நாட்காட்டியைத் திறந்தால் சந்திப்பு நேரங்கள் மணிக்கணக்கில் தள்ளி நிற்கும்; காரணம் தெரியாதவர் நாட்காட்டியைத் திட்டுவார். காப்புரிமைப் பூட்டுப் போட்ட ஓடிடி படங்களும் அதை நாமே அனுமதித்தால்தான் ஓடும். இதெல்லாம் தெரிந்து வேண்டும் என்கிறவர்களுக்கு நல்ல உலாவி. டோர் பிரவுசர் வேறு ரகம். உங்கள் போக்குவரத்தை மூன்று இடைக் கணினிகள் வழியாகச் சுற்றவிட்டு, நீங்கள் யார் என்பதை மறைக்கும், அதனால் மெதுவாகத்தான் இருக்கும். அன்றாடச் செய்தி படிக்கவும் பில் கட்டவும் அது தேவையில்லை.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஸ்பீடோமீட்டர் 3 என்று ஒரு அளவுகோலை 2024இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா நான்கும் சேர்ந்தே வெளியிட்டன. ஓட்டிப் பார்த்தால் எண் வரும். ஆனால் செய்தித்தளம் மெதுவாக வருகிறதென்றால் பெரும்பாலும் அதில் தொற்றிக்கொண்டிருக்கிற விளம்பர நிரல்கள்தான் காரணம். தடுப்பானைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

தமிழ் படிக்கிற கண்ணுக்கு

உலாவி ஒப்பீடுகளில் யாரும் தொடாத இடம் இது. ஒரே அளவில் போட்டால் ஆங்கில எழுத்து தெளிவாக இருக்கும், தமிழில் 'ணை', 'ழி', 'ஞூ' போன்றவை நெரிசலாகிவிடும். குரோமின் செட்டிங்ஸில் குறைந்தபட்ச எழுத்தளவைக் கூட்டினால் எல்லா மொழிக்கும் சேர்த்துக் கூடும், பக்கத்தின் வடிவம் குலையும். ஃபயர்ஃபாக்ஸில் தமிழுக்கு மட்டும் தனியாக வைக்கலாம். செட்டிங்ஸில் எழுத்துரு பற்றிய பகுதிக்குப் போய் 'மேம்பட்டவை' பொத்தானை அழுத்தினால் ஒரு பெட்டி வரும். அதன் உச்சியில் எந்த எழுத்துமுறைக்கு என்று கேட்கிற பட்டியலில் தமிழைத் தேர்ந்துகொள்ளுங்கள். கீழே செரிஃப் (எழுத்தின் முனைகளில் சிறு கொடுக்கு உள்ளது), சேன்ஸ் செரிஃப் (அது இல்லாதது) இரண்டுக்கும் பிடித்த எழுத்துருவைக் கொடுத்து, குறைந்தபட்ச அளவையும் வைக்கலாம். நான் நோட்டோ செரிஃப் தமிழ் வைத்திருக்கிறேன். விண்டோஸோடு வருகிற நிர்மலா மோசமில்லை, ஆனால் மணிக்கணக்கில் மெய்ப்புப் பார்க்க எனக்கு நோட்டோதான் இதம்.

ஒரு நிபந்தனை. பக்கத்தை உருவாக்கியவர் 'இது தமிழ்ப் பக்கம்' என்று நிரலில் மொழியைக் குறித்திருந்தால்தான் இந்த அளவு ஒழுங்காகப் பொருந்தும். குறிக்காமல் விட்ட தமிழ்த் தளங்கள் ஏராளம். அங்கே ரீடர் வியூ கைகொடுக்கும்: முகவரிப் பட்டையின் ஓரத்தில் தாள் போன்ற குறி தெரிந்தால் அழுத்துங்கள், விளம்பரமும் பக்கப்பட்டியும் போய்க் கட்டுரை மட்டும் நிற்கும், எழுத்தளவும் வரி இடைவெளியும் உங்கள் கையில்.

புதிய உலாவியை முடிவு செய்வதற்கு முன், தினமும் படிக்கிற தமிழ்ப் பக்கங்கள் சிலவற்றை அதில் திறந்து பத்து நிமிடம் படித்துப் பாருங்கள்.

கணினி பழையதென்றால்

விண்டோஸ் 7, 8, 8.1 கணினிகளுக்குக் குரோம் 2023இல் வந்த 109ஆம் பதிப்போடு நின்றது. அதே அடித்தளம் என்பதால் குரோமியக் குடும்பம் முழுவதும் ஏறக்குறைய அங்கேயே நின்றது. ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115 மட்டும், முதலில் அறிவித்த தேதியைத் தாண்டியும் அந்தக் கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தந்து வந்தது. என்றாலும் திருத்தம் நின்றுபோன இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது எந்த உலாவியிலும் வேண்டாத வேலை. வன்பொருள் தாங்குமென்றால் எளிமையான லினக்ஸ் ஒன்றைப் போட்டு அதில் நடப்புப் பதிப்பு ஃபயர்ஃபாக்ஸை ஓட்டுவது நிம்மதி.

கணினி புதிதுதான், மெமரி மட்டும் 4 ஜிபி என்றால் உலாவியை மாற்றுவதில் பெரிய மிச்சம் கிடைக்காது. டேப்களைக் குறைப்பது, தடுப்பான் போடுவது, எக்ஸ்டென்ஷன்களைக் களைவது இம்மூன்றும் அதைவிடப் பலன் தரும்.

மாறுகிற வழி

தேடுபொறியில் பெயரைத் தட்டி முதலில் வருகிற இணைப்பை அழுத்தாதீர்கள். மேலே வருவது பல சமயம் விளம்பரம். போலித் தளங்கள் அங்கேதான் காத்திருக்கும். உலாவியின் சொந்தத் தள முகவரியைக் கையால் தட்டிப் போங்கள்.

நிறுவியதும் பழையதிலிருந்து புக்மார்க், வரலாறு, பாஸ்வேர்டு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். புக்மார்க் பெரும்பாலும் சிக்கலில்லாமல் வந்துவிடும். வராவிட்டால் பழையதில் எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து புதியதில் இறக்கலாம். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் முதல் வரியில் நெட்ஸ்கேப் என்ற பெயர் இன்னும் இருக்கும்; அந்த உலாவி செத்துப் பல காலமாகியும் அதன் வடிவத்தில்தான் எல்லோரும் புக்மார்க்கைப் பரிமாறிக்கொள்கிறார்கள்.

பாஸ்வேர்டுகள் நேராக வராத சமயங்களில் சிஎஸ்வி கோப்பாக எடுக்க வேண்டியிருக்கும். இதில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. அந்தக் கோப்பில் எந்தப் பூட்டும் கிடையாது, உங்கள் எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டும் பச்சையாக வரிசை கட்டி நிற்கும். இணையச் சேமிப்போடு தானாக ஒத்திசைகிற கோப்புறையில் அதை வைக்காதீர்கள், அஞ்சலில் அனுப்பாதீர்கள். இறக்கி முடித்த கையோடு அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிடுங்கள். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகை, பின் போன்றவற்றால் உள்நுழைய உதவும் சாவி) வைத்திருந்தால் அது இந்தக் கோப்பில் வராது, அந்தந்தத் தளத்தில் புதிதாகப் பதிய வேண்டியிருக்கலாம். உலாவி எதையும் சாராத தனி பாஸ்வேர்டு மேலாளர் ஒன்றுக்கு இதே சமயத்தில் மாறிக்கொண்டால் அடுத்த முறை இந்த அவஸ்தையே இல்லை. புதிய உலாவியைத் தளங்கள் புதிய சாதனமாகத்தான் பார்க்கும். 'நீங்கள்தானா?' என்று குறியீடு கேட்டு அஞ்சல்கள் வரும், பதற வேண்டாம். கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அப்புறம் முதல் நாள் செட்டிங்ஸ். தேடுபொறியை உங்கள் விருப்பத்துக்கு மாற்றுங்கள். புதிய டேப்பில் வருகிற செய்தித் தூண்டிலை அணையுங்கள். எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கவே கூடாது என்று வையுங்கள். 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று மூலையில் எழும் மிரட்டல்களில் பல இந்த அனுமதி வழியாக வருபவைதான். எச்டிடிபிஎஸ் (நடுவில் யாரும் படிக்க முடியாத) இணைப்பு மட்டும் என்பதை இயக்குங்கள். குரோமியக் குடும்பத்தில், மூடிய பிறகும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிற வசதியை அணையுங்கள். எக்ஸ்டென்ஷன்களைப் பழையதில் இருந்தபடியே வாரிக்கொண்டு வர வேண்டாம், தேவைப்படும்போது ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

கொஞ்ச நாள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் புழங்குங்கள். அந்த நாட்களில் வீடியோ அழைப்பு, பிடிஎஃப் அச்சு, வங்கித் தளம், அலுவலகத் தளம், ஓடிடி ஐந்தையும் புதியதில் ஒரு முறையாவது செய்து பார்த்துவிடுங்கள். மாறியவர்கள் திரும்பி ஓடுவது அனேகமாக இந்த ஐந்தில் ஒன்றால்தான். வீடியோ அழைப்பில் மைக் அனுமதி, திரைப் பகிர்வு இரண்டையும் சோதியுங்கள். கூட்டம் தொடங்கிய பிறகு தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இணைப்புகளை அழுத்தினால் திறக்கும் முதன்மை உலாவியாக அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் என்று போய் உலாவியின் பெயரைத் தேர்ந்தால் மேலே ஒரு பொத்தான் இருக்கும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் டெஸ்க்டாப் அண்ட் டாக் என்ற பகுதிக்குள், யாரும் எதிர்பாராத இடத்தில், ஒளித்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் பெரிய அப்டேட் வந்த பிறகு, பரிந்துரைத்த உலாவிக்கு மாறுகிறீர்களா என்று நயமாக ஒரு திரை வரலாம். நீல நிறத்தில் பெரிதாக இருக்கிற பொத்தானை விட்டுவிட்டு, பக்கத்தில் சாதுவாக இருக்கிறதை அழுத்துங்கள்.

பழைய உலாவியை நீக்க வேண்டாம். சேமித்த பாஸ்வேர்டுகளையும் கார்டு விவரங்களையும் அதிலிருந்து அழித்து, கணக்கிலிருந்து வெளியேறி, எக்ஸ்டென்ஷன் ஒன்றும் இல்லாமல் வெறுமையாக வையுங்கள். முரண்டு பிடிக்கிற படிவம் வரும்போது அதுதான் உதவும். மாதம் ஒருமுறை திறந்து அப்டேட் ஆகிறதா என்று மட்டும் பாருங்கள்.